420 மீட்டரா, 800 மீட்டரா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், கோவையில் இருக்கிறோம். எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள். வருஷம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறோம். வரும் அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடப்பதாக முடிவு செய்து முன்பணமும் கட்டிவிட்டோம். ட்ரெக்கிங் நிறுவனம் அனுப்பிய பட்டியலில் நாம்சே பஜாரிலிருந்து தெங்போச்சே போகும் நாளுக்கு ‘10 கி.மீ., உயர வித்தியாசம் 420 மீட்டர், 5–6 மணி நேரம்’ என்று இருக்கிறது. 420 மீட்டர்தானே, வெள்ளியங்கிரியில் இதைவிட எவ்வளவோ அதிகம் ஏறுகிறோமே என்று தெம்பாக இருந்தோம். போன வருஷம் போய்வந்த நண்பரின் கைக்கடிகாரமோ அதே நாளுக்கு 790 மீட்டர் ஏற்றம் காட்டியிருக்கிறது. எங்களில் ஒருவர் அந்தப் பாதையை செல்போன் செயலியில் வரைந்து பார்த்தார். அது 1,040 மீட்டர் என்கிறது. இந்த மூன்றில் எதை நம்புவது? அதை வைத்து எங்கள் நாட்களை எப்படித் திட்டமிடுவது?

பதில்: நண்பரின் கடிகாரத்தை நம்புங்கள். நிறுவனம் தந்த 420-ம் பொய் இல்லை. அது வேறொரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். செயலியின் 1,040-ல்தான் காற்று கலந்திருக்கிறது. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த நாளை நடந்தே பார்த்துவிடுவோம். நாம்சே சுமார் 3,440 மீட்டரில் இருக்கிறது. ஊரே ஒரு குழிவான மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கியதுபோல் இருப்பதால், காலையில் விடுதியை விட்டுக் கிளம்பியதுமே மூச்சு வாங்க வைக்கும். மேல் விளிம்பை அடைந்தபின் பாதை மலையின் இடுப்பைச் சுற்றி, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல், கியாங்ஜுமாவை நோக்கிப் போகும். எதிரே அமா தப்லம் சிகரம் முழுசாகத் தெரியும். அந்த நடைபயணத்தின் மிக அழகான பகுதி எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். அங்கே ஏறத்தாழ 3,600 மீட்டர். அதாவது இதுவரை 160 மீட்டர் ஏறியாயிற்று.

அதன்பிறகு பாதை கவிழ்கிறது. காட்டுக்குள் இறங்கி, தூத் கோசி ஆற்றங்கரையில் இருக்கும் புங்கி தெங்காவுக்குப் போகிறது. உயரம் சுமார் 3,250 மீட்டர். காலையில் கிளம்பிய நாம்சேயைவிட 190 மீட்டர் கீழே! தொங்குபாலத்தைக் கடந்ததும் எதிர்ச்சரிவில் தெங்போச்சே வரை ஒரே ஏற்றம். மடாலம் இருக்கும் இடம் சுமார் 3,860. ஆக அங்கே 610 மீட்டர். காலையில் ஏறிய 160-ஐயும் சேர்த்தால் 770. வழியில் பத்து இருபது மீட்டராக வரும் சின்னச் சின்ன மேடுகளையும் கூட்டினால் நண்பரின் 790 வந்துவிடும்.

இதைத்தான் மொத்த ஏற்றம் என்கிறோம். வங்கிப் பாஸ்புக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மாத ஆரம்பத்திலும் கடைசியிலும் இருப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்பது உயர வித்தியாசம். வரவுப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே கூட்டினால் வருவது மொத்த ஏற்றம். நடுவில் செலவான 350 மீட்டரை உங்கள் கால் மறுபடி சம்பாதித்துத்தான் ஆக வேண்டும்.

இதிலேயே ஒரு சரிபார்ப்பும் இருக்கிறது. மொத்த ஏற்றத்திலிருந்து மொத்த இறக்கத்தைக் கழித்தால் உயர வித்தியாசம் வர வேண்டும்: 770 கழித்தல் 350, 420. கிளம்பிய இடத்துக்கே திரும்பும் நாளில் ஏற்றமும் இறக்கமும் சமமாக இருக்க வேண்டும். எந்தச் செயலியாவது அப்படிப்பட்ட நாளுக்கு 600 ஏற்றம், 530 இறக்கம் என்று காட்டினால், அதன் மற்ற கணக்குகளையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்க நியாயமில்லை. ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்குகிறீர்களே, அந்த இறக்கத்தில் சந்தோஷப்படுகிறவர்கள் முதல்முறை வருகிறவர்கள் மட்டும்தான். ஏழாவது மலையில் அதையும் சேர்த்து ஏற வேண்டும், திரும்பும்போது சுனையிலிருந்து மறுபடி மேலேற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அடிவாரமான பூண்டியின் உயரத்தையும் உச்சியின் உயரத்தையும் கழித்துப் பார்த்தால் இந்த ஏற்றம் எங்கேயும் தெரியாது.

இனி அந்த 1,040. செயலியில் விரலால் பாதை வரைந்தால், அது ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் ஒரு மின்னணு உயர வரைபடத்திலிருந்து எடுக்கிறது. அப்படிப் பரவலாகப் பயன்படும் ஒரு வரைபடத்துக்கான தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பூமியைச் சுற்றியபோது ரேடார் மூலம் திரட்டியது. பூமியை சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் என்று வைத்திருக்கிறார்கள். சமவெளிக்கும் சரிவான மேட்டுக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் நாம்சேயிலிருந்து கியாங்ஜுமா போகும் பாதை செங்குத்தான சரிவை வெட்டி அமைத்தது. அகலம் இரண்டு மூன்று ஆள் போகிற அளவு. 35 டிகிரி சரிவில் உங்கள் விரல் கோடு பாதையைவிட்டு 15 மீட்டர் மேற்பக்கம் தள்ளிப் போனால், செயலி உங்களை 10 மீட்டர் உயரத்தில் ஏற்றிவிடும். அடுத்த வளைவில் கோடு கீழ்ப்பக்கம் விலகினால் 10 மீட்டர் இறக்கிவிடும். நீங்கள் மட்டமான பாதையில் கைவீசி நடக்கிறீர்கள். கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறீர்கள். இப்படி இருபது தடவை நடந்தால் யாரும் ஏறாத 200 மீட்டர் சேர்ந்துவிடும்.

தொங்குபாலம் இன்னொரு வேடிக்கை. உயர வரைபடத்துக்குப் பாலம் தெரியாது, பள்ளத்தாக்குதான் தெரியும். நாம்சேக்குக் கீழே தூத் கோசியும் போட்டே கோசியும் சேரும் இடத்துக்கு அருகில் உயரமான ஒரு பாலம் இருக்கிறது. ஆறு வெகு ஆழத்தில் ஓடும். நீங்கள் காற்றில் ஆடிக்கொண்டு பாலத்தின் மேல் போவீர்கள். செயலியோ உங்களை ஆற்றுப் படுகைவரை இறக்கி, மறுகரையில் ஏற்றி, அதையும் ஏற்றக் கணக்கில் எழுதிவிடும்.

நடந்து முடித்தபின் செல்போன் காட்டும் கணக்கு மட்டும் சரியா என்றால், அதிலும் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஜிபிஎஸ் கிடைமட்ட இடத்தைச் சொல்கிற துல்லியத்தில் உயரத்தைச் சொல்லாது. மலைகளுக்கு நடுவே, தலைக்கு மேல் கொஞ்சம் வானமே தெரியும் பள்ளத்தாக்கில் இன்னும் மோசம். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே உயரம் ஐந்து மீட்டர் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். இந்த நடுக்கத்தை எந்த அளவுக்குக் கழித்துவிடுவது என்பதில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வழி. அதனால்தான் ஒரே பையில் போன இரண்டு போன்கள் மாலையில் இரண்டு எண் சொல்கின்றன. காற்றழுத்தமானி உள்ள கடிகாரம் இதைவிட எவ்வளவோ மேல். அழுத்தம் சீராக மாறுவதால் அதில் நடுக்கம் குறைவு. வானிலை மாறினால் அதுவும் ஏமாறும்தான். ராத்திரி முழுக்க அறையில் கிடந்த கடிகாரம் காலையில் முப்பது மீட்டர் ஏறியிருக்கும். தெரிந்த உயரத்தில் காலையில் ஒருமுறை சரிசெய்துகொண்டால் போதும்.

சரி, வீட்டில் உட்கார்ந்து எப்படிக் கணக்கிடுவது? எனக்கு இன்னமும் பிடித்தது காகித வரைபடமும் பென்சிலும்தான். சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் பாதையின் மேல் பென்சில் முனையை நகர்த்துங்கள். மேல்நோக்கிக் கடக்கும் கோடுகளை மட்டும் எண்ணி, கோடுகளுக்கு இடையிலான உயரத்தால் பெருக்குங்கள். இருபது மீட்டருக்கு ஒரு கோடு என்றால், 38 கோடு கடந்தால் 760. இதைவிடச் சுருக்கமான வழி, பாதையின் திருப்புமுனை உயரங்களை மட்டும் குறித்துக்கொள்வது. எங்கே ஏறி முடிகிறது, எங்கே ஆற்றுக்கு இறங்குகிறது, அடுத்த கணவாய் எது என்று நாலைந்து எண்கள். மேலே நாம் 770-ஐக் கண்டுபிடித்தது அப்படித்தான். அதில் விடுபடுவது சின்ன மேடுகள் மட்டும். சாதாரணப் பாதைக்கு பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பத்து சதவீதம் போதாது. கோரக்ஷேப்பிலிருந்து பேஸ் கேம்ப் போகும்போது 5,164-லிருந்து 5,364 மீட்டருக்குப் போகிறீர்கள். வித்தியாசம் வெறும் 200. ஆனால் கால் வைப்பதெல்லாம் பனியாறு கொண்டுவந்து கொட்டிய பாறைக் குவியலின் மேல். மூன்று மீட்டர் ஏறி, நாலு மீட்டர் இறங்கி, மறுபடி ஐந்து மீட்டர். இவை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்வதால் வரைபடத்தில் வராது. பனியாறு நகர்வதால் பாதையும் மாறிக்கொண்டே இருக்கும். நாம்சே பக்கம் செயலி கூட்டிச் சொன்னது என்றால், இங்கே வரைபடம் குறைத்துச் சொல்கிறது.

அடுத்து நேரம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-ல் ஒரு விதி சொன்னார்: மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். மெட்ரிக்கில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்த விதியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், ஒரு மீட்டர் ஏறுவது சமதரையில் எட்டு மீட்டர் நடப்பதற்குச் சமம். அப்படியானால் உங்கள் 770 மீட்டர் ஏற்றம் ஆறு கிலோமீட்டருக்குச் சமம்; 10 கி.மீ. என்று எழுதியிருக்கும் நாள் 16 கி.மீ. நாளாகிறது. கிலோமீட்டரை மட்டும் பார்த்து ‘இன்னைக்குக் கம்மிதான்’ என்று சொல்கிற ஆளை எந்தக் குழுவிலும் பார்க்கலாம். மத்தியானத்துக்கு மேல் அவர் பேசமாட்டார்.

நெய்ஸ்மித் கணக்குப்படி அந்த நாளுக்கு மூன்றே கால் மணி நேரம்தான் ஆக வேண்டும். அது ஸ்காட்லாந்து மலைகளில், நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடக்கிற வேகம். 3,500 மீட்டர் உயரத்தில், முதுகில் பையோடு, எதிரே வரும் மாட்டு மந்தைக்கு மலைப்பக்கம் ஒதுங்கி நின்று வழிவிட்டு நடக்கிற நமக்கு அது எட்டாது. அந்த உயரத்துக்கு நான் மணிக்கு மூன்று கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று வைப்பேன். 10 கி.மீ.க்கு மூன்று மணி இருபது நிமிஷம். 770 மீட்டருக்கு ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிஷம். மொத்தம் ஐந்தேகால் மணி. நிறுவனம் 5–6 மணி நேரம் என்று போட்டிருப்பது சரிதான் பாருங்கள். நேரத்தை அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள், உயரத்தை மட்டும் வரைபடத்திலிருந்து கழித்து எழுதிவிட்டார்கள். 420-ஐ நம்பி நீங்களாகக் கணக்கிட்டிருந்தால் நாலு மணி இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நிதானமாகக் கிளம்பியிருப்பீர்கள். 5,000 மீட்டருக்கு மேலே இந்த 400-ம் செல்லாது. கோரக்ஷேப்புக்கு மேலே இருக்கும் காலா பத்தர் மேட்டில் ஏறும் காலையில் மணிக்கு 200 மீட்டர் ஏறினாலே நல்ல வேகம். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குச் சற்று மேலேதான் அங்கே கிடைக்கிறது.

மொத்த ஏற்றம் தெரிந்தபின் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, அது எந்த வேளையில் வருகிறது என்பது. தெங்போச்சே நாளில் 770-ல் 610 மீட்டர் கடைசி இரண்டரை மணி நேரத்தில் குவிந்திருக்கிறது. புங்கி தெங்காவில் ஆற்றோரமாகச் சில கடைகள், தண்ணீர் ஓட்டத்தில் தானாகச் சுழலும் பிரார்த்தனைச் சக்கரங்கள், வெயில் என்று இடம் சொக்க வைக்கும். பெரும்பாலான குழுக்கள் மதியச் சாப்பாட்டை அங்கேதான் வைத்துக்கொள்கின்றன. பருப்பும் சோறும் இரண்டாம் முறை கேட்டால் சிரித்துக்கொண்டே பரிமாறுவார்கள். வாங்காதீர்கள். ஒரு சூப், உருளைக்கிழங்கு, அவ்வளவோடு எழுந்துவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அந்தச் சரிவில் ஏறுவது பெரிய அவஸ்தை. பாக்டிங்கிலிருந்து நாம்சே போகும் நாளும் இதே ரகம். 2,610-லிருந்து 3,440 வரை 830 மீட்டர் என்று பட்டியலில் இருக்கும். நடுவில் மோஞ்சோவிலிருந்து ஜோர்சாலேக்கு நூறு மீட்டர்போல இறங்குவதால் உண்மையில் 900-ஐத் தாண்டும். அதில் பெரும்பகுதி பெரிய பாலத்துக்குப் பிறகு, கடைசியில்.

இவ்வளவு சொன்னபிறகு ஒரு எச்சரிக்கை. 3,000 மீட்டருக்கு மேலே மொத்த ஏற்றத்தை மட்டும் வைத்துத் திட்டமிடக் கூடாது. அது கால்களுக்கும் நுரையீரலுக்கும் அன்றைக்கு எவ்வளவு வேலை என்று சொல்லும். உடம்புக்கு உயரம் ஒத்துக்கொள்ளுமா என்பதை, இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்குவது மருத்துவர்கள் சொல்லும் வழி. நாம்சேயில் இரண்டு இரவு போட்டிருக்கிறார்கள் அல்லவா? அந்த நடு நாளில் 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறி இறங்கச் சொல்வார்கள். அன்றைக்கு உயர வித்தியாசம் பூஜ்யம், மொத்த ஏற்றம் 440. ‘ரெஸ்ட் டே’ என்று எழுதிவிட்டு நடக்க விடுகிறார்களே என்று கோபப்பட வேண்டாம். உயரே போய்வந்து கீழே தூங்குவதுதான் அந்த நாளின் நோக்கம். டிங்போச்சேயிலும் (4,410 மீட்டர்) அப்படி ஒரு நாள் இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அது இல்லையென்றால் இப்போதே கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் மிச்சம் என்று அந்த நாளை வெட்டுவது சில குழுக்களின் வழக்கம். எனக்கு அதில் சுத்தமாக உடன்பாடில்லை.

திரும்பும் நாட்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ‘இறக்கம்தானே’ என்று பேரிச்சேயிலிருந்து ஒரே நாளில் நாம்சே வந்துவிடும்படி போட்டிருப்பார்கள். அந்த இறக்க நாளுக்குள் ஆற்றைக் கடந்து தெங்போச்சே மேட்டுக்கு ஒரு ஏற்றம், புங்கி தெங்காவிலிருந்து கியாங்ஜுமாவுக்கு 350 மீட்டர் என்று மொத்தம் 500-ஐ ஒட்டி ஒளிந்திருக்கிறது. கடைசி நாளும் அப்படியே. லுக்லா 2,860 மீட்டர். பாக்டிங் அதைவிட 250 மீட்டர் கீழே. முதல் நாள் ஜாலியாக இறங்கிய அதே வழியில், பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நடந்த காலோடு, சாயங்காலம் ஏறித்தான் விமானத்தைப் பிடிக்க முடியும். முட்டி வலிக்காரர் யாராவது இருந்தால் மொத்த இறக்கத்தையும் தனிப் பத்தியாக எழுதுங்கள். செங்குத்தான இறக்கத்தில் 300 மீட்டருக்கு பத்து நிமிஷம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது எரிக் லாங்முயர் என்ற மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் விதிக்குச் சேர்த்த திருத்தம். மென்மையான இறக்கம் என்றால் அதே அளவு கழித்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு உங்களிடம் வெள்ளியங்கிரியே இருக்கிறது. அடுத்தமுறை போகும்போது அந்தக் கடிகாரத்தை நண்பரிடம் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். உச்சிக்கு எவ்வளவு நேரத்தில் போனீர்கள் என்பது முக்கியமில்லை. முதல் மலையில் 100 மீட்டர் ஏற எவ்வளவு நிமிஷம், ஏழாவது மலையில் எவ்வளவு என்று இரண்டு எண் குறித்துவாருங்கள். ஐந்து பேரில் யார் கடைசியோ அவருடைய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். என் 400-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு, அதை வைத்து உங்கள் அட்டவணையைப் போடுங்கள். மலை திறக்காத மாதங்களில் அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். ஒரு மாடிக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தை இருபது தடவை ஏறினால் புங்கி தெங்கா ஏற்றம் கணக்குக்கு வந்துவிடும். லிஃப்ட்டில் இறங்காமல் நடந்தே இறங்குங்கள், தொடைக்கு அதுவும் பழக வேண்டும். தமிழ்நாடு வனத்துறை 2024-ல் தொடங்கிய ட்ரெக்கிங் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. அனுமதிக்கு அலையாமல் போக அது நல்ல வழி. சுலபம், மிதம், கடினம் என்று போட்டிருப்பதோடு விட்டுவிடாமல், முன்பதிவு செய்யும்போதே மொத்த ஏற்றம் எவ்வளவு என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். 600 மீட்டரைத் தாண்டும் பாதைகளில் இரண்டை, அடுத்தடுத்த நாட்களில் நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் எழுந்து நடக்கும்போது உங்கள் கால் சொல்கிற பதிலை வைத்து, பட்டியலில் இன்னொரு நாள் கூட்ட வேண்டுமா என்று ஐந்து பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மீதிப் பணம் கட்டுவதற்கு முன்னால் அதைச் செய்வது நல்லது.